அத்தா குவைத்தில் இருக்கிறாரா, வந்துவிட்டாரா?

உதவித்தொகைக்கோ வேலைக்கோ ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும் நம் பிள்ளைகள் ஸ்பெல்லிங்கைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். ஸ்பெல்லிங் தவறினால் படிப்பவர் பெரும்பாலும் ஊகித்துக்கொள்வார். காலம் தவறினால் செய்தியே மாறிவிடும்.

'மை ஃபாதர் வொர்க்ட் இன் குவைத் ஃபார் டென் இயர்ஸ்' என்று எழுதினால், அத்தா இப்போது அங்கே வேலையில் இல்லை என்று பொருள். குடும்ப வருமானத்தைப் பார்த்து முடிவெடுப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. இன்னும் வேலை பார்க்கிறார் என்றால் 'ஹேஸ் பீன் வொர்க்கிங்' என்று எழுத வேண்டும். பலரும் எழுதுவது 'இஸ் வொர்க்கிங் ஃபார் டென் இயர்ஸ்'. "பத்து வருஷமாக வேலை பார்க்கிறார்" என்று தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம் அல்லவா, அதன் விளைவு இது. முன்பு தொடங்கி இன்றும் தொடரும் வேலைக்கு ஆங்கிலத்தில் தனி வடிவம் உண்டு. எத்தனை வருஷம் என்று சொல்லாவிட்டால் 'இஸ் வொர்க்கிங் இன் குவைத்' என்பதே சரி.

அடுத்தது 'சின்ஸ் டென் இயர்ஸ்'. இங்கே தமிழே கைகொடுக்கும். "பத்து வருஷமாக" என்று 'ஆக' வந்தால் 'ஃபார் டென் இயர்ஸ்'. "2015இலிருந்து" என்று 'இருந்து' வந்தால் 'சின்ஸ் 2015'. காய்ச்சல் மூன்று நாளாக என்றால் 'ஃபார் த்ரீ டேஸ்'. வெள்ளிக்கிழமையிலிருந்து என்றால் 'சின்ஸ் ஃப்ரைடே'.

தமிழில் யோசிப்பதால்தான் ஆங்கிலம் கெடுகிறது என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்பவர்கள் உண்டு. அதை நாம் முழுதாக ஏற்க முடியவில்லை. 'ஐ டிட் நாட் வென்ட்' என்ற பிழை தமிழிலிருந்து வந்ததல்ல. "போகவில்லை" என்கிறோம், "போனவில்லை" என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லாது. 'டிட்' வந்ததுமே இறந்தகாலம் சொல்லியாயிற்று, பிறகு வெறும் 'கோ' போதும். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்பதும் அப்படித்தான். "என் நண்பர்களில் ஒருவர்" என்கிறோமே, அந்த 'கள்' ஆங்கிலத்திலும் வேண்டும்: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்'.

தமிழ் வழிமாற்றும் இடமும் இருக்கிறது. "கட்டணத்தைப் பற்றிப் பேசினோம்" என்பதை அப்படியே மாற்றி 'டிஸ்கஸ்ட் அபவுட் த ஃபீஸ்' என்கிறோம். 'பற்றி' அந்த 'டிஸ்கஸ்'ஸுக்குள்ளேயே அடங்கிவிட்டது. 'வி டிஸ்கஸ்ட் த ஃபீஸ்' என்றால் முடிந்தது. 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' வேண்டாம், 'ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்' போதும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' என்று தாராளமாகச் சொல்லலாம். இன்டர்வியூவில் 'மைசெல்ஃப் ஃபாத்திமா' என்று தொடங்காமல் 'ஐ ஆம் ஃபாத்திமா' என்று சொல்லப் பழக்குங்கள்.

இன்னொன்று, கணவரை இழந்த சகோதரிகளுக்காகப் பிள்ளைகள் எழுதித்தரும் மனுக்களில் வருவது: 'மை ஹஸ்பண்ட் இஸ் எக்ஸ்பயர்ட்'. பாஸ்போர்ட்டும் மருந்தும் காலாவதியாவதைச் சொல்லும் தொடர் அது. 'மை ஹஸ்பண்ட் டைட்' என்பது நேரான ஆங்கிலம், அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. மென்மையாகச் சொல்ல விரும்பினால் 'பாஸ்ட் அவே'. இரண்டிலும் 'இஸ்' வராது. தேதியை மட்டும் நினைவிலிருந்து எழுதாமல், இறப்புச் சான்றிதழில் உள்ளபடியே பார்த்து எழுதுங்கள்.