நுண்செயலிப் பலகையின் முதல் விழிப்பு

கோலார் தங்க வயலின் சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டவை. அவ்வளவு ஆழத்தில் அழுத்தம் மிகுந்து பாறை திடீரென வெடித்துச் சிதறுவதுண்டு; அதற்கு உயிரிழந்த தொழிலாளர் பலர். வெடிப்பு நேர்ந்த இடத்தைக் கண்டறிய அங்கு நில அதிர்வு உணரிகள் பொருத்தப்பட்டன. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் 1988இல் அங்கேயே நிறுவப்பெற்றது. தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. எனினும், பிற சுரங்கங்களிலும் அணைகளிலும் இத்தகைய கண்காணிப்பு இன்றும் இன்றியமையாதது. உணரிகள் தரும் செய்தியைப் பதிவு செய்யும் வேலையை இன்று உள்ளங்கையளவு நுண்செயலிப் பலகையே செய்துவிடுகிறது.

தொழிற்சாலையிலிருந்து வந்த புதுப் பலகை எதையும் அறியாது. மின்சாரம் பாய்ந்ததும் நுண்செயலி, குறிப்பிட்டதொரு முகவரியிலிருந்து முதல் கட்டளையை எடுக்க முற்படும். நிலை நினைவகம் வெறுமையாக இருப்பின் அங்கு எடுப்பதற்கு ஒன்றுமில்லை. நினைவகத்தில் நிரலை எழுதலாம் என்றாலோ, எழுதுவதற்கும் ஒரு நிரல் வேண்டும். விதையின்றி மரமில்லை, மரமின்றி விதையில்லை என்பது போன்ற இச்சிக்கலைத் தீர்ப்பதே பலகையின் ஓரத்திலுள்ள நிரலேற்று முனை.

பரவலாக வழங்கும் 'ஜேடேக்' முனைக்கு 1990இல் பொதுத்தரம் வகுக்கப்பட்டது. துடிப்பு, நிலைத்தேர்வு, உள்வரவு, வெளிச்செலவு என நான்கு கம்பிகள் இதற்குப் போதும். இவற்றின் வழியே வெளிக்கணினி முதலில் நுண்செயலியை நிறுத்துகிறது. அடுத்து, தற்காலிக நினைவகத்தில் சிறு ஏற்றுநிரலை இட்டு, அதனை இயக்குகிறது. அந்த ஏற்றுநிரல் முழு நிரலையும் பெற்று நிலை நினைவகத்தில் எழுதுகிறது. பின்னர் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் தந்தால், பலகை பிறர் துணையின்றித் தானே விழித்தெழும்.

நிரலைப் புதுப்பிக்கும்போது இடையில் மின்சாரம் நின்றால் பலகை செயலற்றுப் போகக்கூடும். அதனைப் பழுதென்று எறிய வேண்டுவதில்லை. அதே முனை வழியே மீட்கலாம். ஆதலால் முனையைக் கைக்கெட்டும் இடத்தில் அமைப்பதும், சரியான நிரலின் படியொன்றைக் காத்து வைப்பதும் அவசியம். ஆனால், திறந்து கிடக்கும் முனை தீயோர்க்கும் வழிவிடும். நிரந்தரமாகப் பூட்டினாலோ மீட்கும் வழியும் அடைபடும். எதற்கு எவ்வளவு காவல் என்பதைக் கருவியைப் பொருத்துமுன்பே முடிவு செய்தல் வேண்டும்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 'சக்தி' நுண்செயலிகளின் வடிவமைப்பை எவரும் படித்தறியுமாறு வெளியிட்டுள்ளது. செயலி நம்முடையதாயின் அதனை விழிக்கச் செய்யும் வழியும் நமக்குத் தெளிவாகத் தெரியும். ஆழத்தில் இறங்கும் தொழிலாளியின் உயிர்க்காப்பு, இத்தகைய சிறு தெளிவுகளையும் சார்ந்தது.