கரண்ட் கட், மூடுபனி, விண்டோஸ் அப்டேட்: பைக்காரா வீட்டுக் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டியையும் சவுண்டையும் காப்பாற்றுவது எப்படி?

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பைக்காரா. அணை, அருவி, படகு இல்லம் என்று சுற்றுலாப் பயணிகளுக்குப் பழக்கமான ஊர். 1932-ல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம்தான் கோவை பஞ்சாலைகளின் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது. ஆனால் தென்மேற்குப் பருவமழை வலுத்து, காற்றில் ஒரு கற்பூர மரமோ சீகை மரமோ மின்கம்பி மேல் சாய்ந்துவிட்டால், அதே மலையில் இருக்கும் வீடுகளில் கரண்ட் இருக்காது.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இது வெறும் இருட்டுப் பிரச்சினை இல்லை. ஆன்லைன் நேர்காணலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் போய்விட்டு வருகிறது. கம்ப்யூட்டர் மறுபடி ஆன் ஆகிறது, ஆனால் ‘சவுண்டே வரலை’. அல்லது அதைவிட மோசம்: டிரைவே காணோம் என்று கறுப்புத் திரை. முதல் பிரச்சினையைப் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். இரண்டாவதில் பல வருடப் புகைப்படங்களே போய்விடலாம்.

கரண்ட் போனால் எஸ்எஸ்டிக்குள் என்ன நடக்கிறது?

பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்றும், ஊசி நகரும். கெட்டுப்போவதற்கு முன் பெரும்பாலும் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டியில் சுற்றுவது எதுவும் இல்லை. ஃபிளாஷ் சிப்புகளில் மின்னூட்டமாகத் தகவல் உட்கார்ந்திருக்கிறது. எந்தத் தகவல் எந்தச் சிப்பில் என்பதை ஒரு ‘முகவரி அட்டவணை’ மூலம் கன்ட்ரோலர் நினைவில் வைத்திருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பாதி எழுதிய ஃபைல் மட்டுமல்ல, அந்த அட்டவணையும் அடிபட வாய்ப்புண்டு. சர்வர்களில் போடும் எஸ்எஸ்டிகளில் கடைசி நொடிக்கான மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் இருக்கும். வீட்டுக்கு வாங்கும் டிரைவ்களில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது.

அதனால் மலையில் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு முதல் பராமரிப்பே ஒரு சின்ன யுபிஎஸ்தான். வேறு எந்த ‘ஆப்டிமைசர்’ மென்பொருளையும்விட அது உருப்படியான செலவு. லேப்டாப்பில் பேட்டரியே யுபிஎஸ். ஆனால் பேட்டரி செத்துப்போய், சார்ஜரை மட்டும் நம்பி ஓட்டும் லேப்டாப்புகள் பல வீடுகளில் உண்டு. அவற்றில் ஒவ்வொரு கரண்ட் கட்டும் டிரைவுக்கு ஒரு அடிதான்.

இதுவரை எத்தனை அடி விழுந்திருக்கிறது என்று பார்க்கவும் வழி இருக்கிறது. ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், என்விஎம்இ டிரைவ்களில் ‘அன்சேஃப் ஷட்டவுன்ஸ்’ என்று ஓர் எண் காட்டும். முறையாக ஷட்டவுன் செய்யாமல் மின்சாரம் துண்டிக்கப்பட்ட தடவைகள் அவை. பக்கத்திலேயே ‘பெர்சன்டேஜ் யூஸ்டு’ இருக்கும். அது டிரைவ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதன் கணக்கு.

தேய்மானத்தைப் பற்றித் தேவைக்கு மேல் பயப்பட வேண்டாம். 300 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் உள்ள 500 ஜிபி டிரைவில் தினமும் 30 ஜிபி எழுதினாலும், அந்த வரம்பைத் தொட 27 வருடம் ஆகும். அதற்குள் கம்ப்யூட்டரே மாறிவிடும்.

கரண்ட் வந்த பிறகு டிரைவ் தெரியவில்லை என்றால் உடனே பதறி ஃபார்மட் செய்யக் கூடாது. பயாஸ் திரையிலேயே விட்டு, 20 நிமிடம் மின்சாரம் மட்டும் கொடுத்து, பிறகு அணைத்து, அரை நிமிடம் கழித்து மறுபடி முயன்றால் சில டிரைவ்கள் தங்கள் அட்டவணையைத் தாங்களே சரிசெய்துகொண்டு திரும்பி வரும்.

அழித்தால் அழிந்ததுதான்

விண்டோஸ் 7 காலத்திலிருந்து ‘ட்ரிம்’ என்ற கட்டளை உண்டு. நீங்கள் ஒரு ஃபைலை அழித்தால், ‘இந்த இடம் இனி தேவையில்லை’ என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது அதுதான். டிரைவ் அந்த இடத்தை ஓய்வு நேரத்தில் துடைத்துவைக்கும். அதனால்தான் அடுத்த முறை வேகமாக எழுத முடிகிறது. இன்றைய விண்டோஸ் வழக்கமாக வாரம் ஒருமுறை இதைத் தானாகவே செய்துவிடும். ‘டீஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ பகுதியில் ‘ஷெட்யூல்டு ஆப்டிமைசேஷன்’ ஆன் என்று இருந்தால் போதும். வேறு மென்பொருள் போட்டு டீஃப்ராக் செய்வது எஸ்எஸ்டிக்குத் தேவையில்லாத தேய்மானம். மொத்த இடத்தில் 10 முதல் 20 சதவீதம் காலியாக விட்டால் வேகம் குறையாது.

ட்ரிம்மின் இன்னொரு பக்கம்தான் வலிக்கும். ஹார்ட் டிஸ்க்கில் தவறி அழித்த கல்யாண ஃபோட்டோக்களை ரெகவரி கடைக்காரர் பல நேரம் மீட்டுத் தருவார். எஸ்எஸ்டியில் ட்ரிம் ஓடிய பிறகு அது அநேகமாக நடக்காது. வெளியே ஒரு பிரதி இருந்தே ஆக வேண்டும்.

குளிர் பிரச்சினை இல்லை, ஈரம்தான்

மின்சாரமே கொடுக்காமல் வைத்திருக்கும் எஸ்எஸ்டியில் மின்னூட்டம் மெல்லக் கசியும். ஜெடெக் தர அளவுப்படி, எழுதும் வரம்பு முழுவதும் தீர்ந்துபோன ஒரு வீட்டு உபயோக டிரைவ்கூட 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தகவலைத் தாங்க வேண்டும். வெப்பம் கூடினால் இந்தக் காலம் சுருங்கும், குறைந்தால் நீளும். அந்த வகையில் சென்னை மொட்டை மாடி அறையைவிடப் பைக்காரா அலமாரி நல்ல இடம்தான்.

ஆனால் துணியில் பூசணம் பிடிக்கும் அதே ஈரம் கனெக்டர்களிலும் வேலையைக் காட்டும். டிரைவைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்கலாம். பலர் கவனிக்காத ஒன்று: அதிகாலைக் குளிரில் கிளம்பி மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் லேப்டாப்பைத் திறப்பது. ஐஸ் தண்ணீர் டம்ளரில் வியர்ப்பது போல, குளிர்ந்த லேப்டாப்பில் சமவெளியின் ஈரக்காற்று நீராகப் படியும். ஒரு மணி நேரம் பையிலேயே இருக்கட்டும்.

‘அப்டேட் போட்டதும் போச்சு’: உண்மையா?

2025 ஆகஸ்டில் இந்தப் பயம் உலகம் முழுக்கப் பரவியது. விண்டோஸ் 11-க்கான அந்த மாத அப்டேட்டுக்குப் பிறகு, பெரிய ஃபைல்களை எழுதும்போது எஸ்எஸ்டி காணாமல் போகிறது என்று ஜப்பானில் ஒருவர் பதிவிட, புகார்கள் வரிசை கட்டின. கன்ட்ரோலர் தயாரிக்கும் ஃபைசன் நிறுவனம் 4,500 மணி நேரத்துக்கு மேல் சோதித்தும் பிரச்சினையை வரவழைக்க முடியவில்லை என்றது. அப்டேட்டுக்குத் தொடர்பில்லை என்று மைக்ரோசாஃப்ட்டும் சொன்னது.

ஆனால் எல்லாப் புகாரும் புரளி அல்ல. 2024 இறுதியில், விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்புக்கு மாறிய சில கம்ப்யூட்டர்களில், டிராக் ஆடியோ மென்பொருள் இருந்ததால் சத்தமே நின்றுபோனது. மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டு, அந்த மாடல்களுக்கு அப்டேட்டை நிறுத்திவைத்தது.

சவுண்ட் டிரைவர் என்பது விண்டோஸுக்கும் ஆடியோ சிப்புக்கும் நடுவில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர். சத்தம் போனால் அதன் மேல் பழிபோடும் முன், டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் ஐகானைத் தொட்டு, சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்று பாருங்கள். மானிட்டருக்கோ, பக்கத்து அறையில் கிடக்கும் புளூடூத் ஹெட்செட்டுக்கோ போய்க்கொண்டிருக்கும். மைக் வேலை செய்யவில்லை என்றால் ‘பிரைவசி’ பகுதியில் மைக்ரோஃபோன் அனுமதியைப் பார்க்க வேண்டும்.

அதுவும் சரியென்றால் டிவைஸ் மேனேஜர். அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் ‘ரோல் பேக் டிரைவர்’. அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் டிரைவரை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால், விண்டோஸ் தன்னிடம் உள்ள பொது டிரைவரைப் போட்டுக்கொள்ளும். முழுமையான டிரைவர் வேண்டுமென்றால் லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து இறக்குவதே பாதுகாப்பு. ‘உங்கள் 17 டிரைவர்கள் பழையவை’ என்று மிரட்டும் செயலிகள் பக்கமே போக வேண்டாம்.

சத்தம் வருகிறது, ஆனால் கரகரக்கிறது என்றால் கதை வேறு. விண்டோஸ் பொதுவாக 10 மில்லிசெகண்ட் அளவுள்ள துண்டுகளாகச் சத்தத்தை அனுப்புகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்றால் ஒரு துண்டில் 480. வைஃபை டிரைவரோ ஸ்டோரேஜ் டிரைவரோ பிராசசரைச் சற்று அதிக நேரம் பிடித்துவைத்தால் அடுத்த துண்டு நேரத்துக்கு வராது, ‘கிர்ர்’ என்று கேட்கும். சவுண்ட் டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் இது போகாது. ‘லேட்டன்சிமான்’ என்ற மென்பொருள் எந்த டிரைவர் குற்றவாளி என்று காட்டிக்கொடுக்கும்.

எஸ்எஸ்டி ஃபர்ம்வேரையோ பயாஸையோ அப்டேட் செய்வதாக இருந்தால், முதலில் பேக்கப் எடுத்து, பிட்லாக்கர் ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதிவைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பைக்காராவில் கூடுதலாக ஒன்று: காற்று பலமாக அடிக்கும் சாயங்காலத்தில் அந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது.