டைமிங் பெல்ட் அறுந்தால் எஞ்சினுக்கு என்ன நேரும்? பழைய டீசல் கார் வாங்குவோர் அறிய வேண்டியவை

புதுதில்லி: கார் எஞ்சினில் உள்ள டைமிங் பெல்ட் எனப்படும் ரப்பர் பட்டையை உரிய காலத்தில் மாற்றாவிட்டால், அது அறுந்து எஞ்சினையே சேதப்படுத்தும் அபாயம் உள்ளது. சில ஆயிரம் ரூபாயில் தொடங்கும் ஒரு பராமரிப்புப் பணி, தவறவிடப்பட்டால் பல மடங்கு செலவாகப் பெருகுகிறது. அச்செலவை வழக்கமான வாகனக் காப்பீடும் ஏற்பதில்லை. பயன்படுத்திய கார்ச் சந்தையில் கைமாறிவரும் டீசல் கார்கள் பலவும் பெல்ட் மாற்ற வேண்டிய வயதை எட்டிவிட்டதால், இது குறித்த புரிதல் அவசியமாகிறது.

பெல்ட்டின் பணி என்ன?

எஞ்சினின் கீழ்ப்பகுதியில் பிஸ்டன்களை இயக்கும் கிராங்க் தண்டும், மேற்பகுதியில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டும் உள்ளன. கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது கேம் தண்டு ஒருமுறை சுழல வேண்டும். இந்தக் கணக்கு பிசகாமல் இரண்டையும் இணைப்பதே டைமிங் பெல்ட். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் ஓடும்போது, ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது.

இன்றைய எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில், வால்வு கீழிறங்கும் இடத்துக்கே பிஸ்டனும் மேலேறி வருகிறது. இரண்டும் வெவ்வேறு தருணங்களில் வருவதால் மோதிக்கொள்வதில்லை. பெல்ட் அறுந்தால் கேம் தண்டு நின்றுவிடும். ஆனால் ஓட்டத்தின் வேகத்தில் கிராங்க் தண்டு மேலும் சில சுற்றுகள் சுழலும். அப்போது திறந்த நிலையில் நின்றுவிட்ட வால்வுகள் மீது பிஸ்டன்கள் மோதுகின்றன. வால்வுகள் வளைகின்றன, சில வேளைகளில் பிஸ்டனும் உடைகிறது. டீசல் எஞ்சின்களில் அழுத்த விகிதம் அதிகம் என்பதால் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி மிகக் குறைவு. எனவே சேதமும் பெரும்பாலும் உறுதி.

எந்தக் கார்களில் உள்ளது?

எல்லாக் கார்களிலும் பெல்ட் இல்லை. மாருதி சுசூகியின் கே வரிசை பெட்ரோல் எஞ்சின்களிலும், ஸ்விஃப்ட் உள்ளிட்ட கார்களில் இடம்பெற்ற 1.3 லிட்டர் டீசல் எஞ்சினிலும் உலோகச் சங்கிலியே பயன்படுத்தப்பட்டது. மாறாக, ரெனோ டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல், ஃபோக்ஸ்வாகன் போலோவின் டீசல், ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் 1.5 லிட்டர் டீசல் ஆகியவை பெல்ட் கொண்டவை.

பி.எஸ். 6 மாசு விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, ரெனோவும் ஃபோக்ஸ்வாகனும் இந்தியாவில் டீசல் கார்களைக் கைவிட்டன. ஆகவே அவற்றில் மிகப் புதியதும் ஐந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது.

கிலோமீட்டர் மட்டும் போதாது

பெல்ட் மாற்றும் கால அளவு மாதிரிக்கு மாதிரி வேறுபடும். கையேடுகளில் கிலோமீட்டர், ஆண்டு என இரு வரம்புகள் தரப்பட்டிருந்தால், எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. குறைவாக ஓடிய கார் என்பதால் பெல்ட் புதிதாக இருக்கும் என்று கருதுவது தவறு. நின்றிருக்கும் காரிலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். எஞ்சின் ஆயில் கசிந்து பெல்ட்டில் பட்டாலும், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் தேய்ந்தாலும், பெல்ட்டால் இயங்கும் வாட்டர் பம்ப் இறுகினாலும், காலக்கெடுவுக்கு முன்பே அறுந்துபோகலாம். எனவே பெல்ட்டுடன் டென்ஷனர், ஐட்லர் உருளை, வாட்டர் பம்ப் ஆகியவற்றையும் சேர்த்து மாற்றுவதே வழக்கம்.

அறுந்தால் செய்ய வேண்டியது

பெல்ட் அறுந்ததும் எஞ்சின் திடீரென நின்றுவிடும். பிரேக் மிதி ஓரிரு அழுத்தங்களுக்குப் பின் கடினமாகிவிடும். எச்சரிக்கை விளக்குகளை ஒளிரவிட்டு, வாகனத்தைச் சாலையோரம் ஒதுக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்வதோ, தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல்வதோ கூடாது. ஒவ்வொரு முயற்சியிலும் மேலும் சில வால்வுகள் வளையக்கூடும்.

செலவு எப்படிப் பெருகுகிறது?

சேதத்தை அறிய சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியாக வேண்டும். வளைந்த வால்வுகள், வால்வு கைடுகள், ஹெட் கேஸ்கெட், ஹெட் போல்ட்கள், புதிய பெல்ட் தொகுப்பு, கூலன்ட், எஞ்சின் ஆயில் எனப் பட்டியல் நீள்கிறது. ஹெட்டின் மேற்பரப்பைச் சமன் செய்யும் பட்டறைக் கூலியும் சேரும். மொத்தச் செலவு அரை லட்சம் ரூபாயைத் தாண்டுவது அரிதன்று. பிஸ்டனும் சேதமுற்றால் அது மேலும் உயரும். உதிரி பாகங்கள் அனைத்துக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஒரே சீராக 18 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்படுகிறது.

செலவைக் குறைக்கப் பழைய எஞ்சினை வாங்கிப் பொருத்துவோரும் உண்டு. அவ்வாறு செய்தால் எஞ்சின் எண் மாறுவதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவுச் சான்றிதழைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

காப்பீடும் நுகர்வோர் உரிமையும்

வழக்கமான முழுமைக் காப்பீடு விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்கானது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் அதில் வெளிப்படையாகவே விலக்கப்பட்டுள்ளன. கூடுதல் கட்டணத்தில் கிடைக்கும் எஞ்சின் பாதுகாப்புத் திட்டங்கள் பெரும்பாலும் நீர் புகுதல், ஆயில் கசிவு ஆகியவற்றால் நேரும் சேதத்துக்கே பொருந்தும்.

பெல்ட்டை மாற்றிய சில மாதங்களிலேயே அது அறுந்தால் நிலைமை வேறு. பணியில் குறைபாடு இருந்ததென நிறுவ முடிந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் இழப்பீடு கோரலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் அளிக்கலாம். நுகர்வோர் ஆணையத்தை அணுக இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. கிலோமீட்டர் அளவு குறிக்கப்பட்ட ரசீதும், கழற்றப்பட்ட பழைய பாகங்களும் இதற்கு முக்கியச் சான்றுகள்.

பயன்படுத்திய கார் வாங்குவோர், பெல்ட் மாற்றியதற்கான ரசீதைக் கேட்டுப் பெற வேண்டும். விற்பவர் வாய்மொழியாகச் சொல்வது சான்றாகாது. ரசீது இல்லையெனில், பெல்ட் மாற்றப்படவில்லை என்றே கொண்டு, அதற்கான செலவை விலைபேசும்போதே கழித்துக்கொண்டு, காரை வாங்கியவுடன் மாற்றிவிடுவதே பாதுகாப்பானது.