தபால் வாக்குகள் சரிபார்க்கப்பட்டு எண்ணப்படுவது எப்படி?

புதுதில்லி: வாக்கு எண்ணிக்கை நாளன்று காலை 8 மணிக்கு முதலில் எடுத்துக்கொள்ளப்படுபவை தபால் வாக்குகள். எண்ணிக்கையில் குறைவு என்றாலும், கடும் போட்டி நிலவும் தொகுதியில் வெற்றி, தோல்வியை இவை தீர்மானிக்கக்கூடும்.

குஜராத்தின் தோல்கா தொகுதியில் 2017 பேரவைத் தேர்தலில் பாஜக வேட்பாளர் பூபேந்திரசிங் சூடாசமா 327 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அங்கு நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகளோ 429. அவற்றை நிராகரித்தது சட்டவிரோதம் எனக் கூறி, 2020 மே மாதம் அவரது வெற்றியை குஜராத் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. சில நாள்களிலேயே அத்தீர்ப்புக்கு உச்சநீதிமன்றம் தடை விதித்தது.

இரண்டு உறைகள்

படைவீரர்கள், தேர்தல் பணியாளர்கள், 85 வயதுக்கு மேற்பட்டோர், குறிப்பிட்ட அளவு குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோர் தபால் வாக்களிக்கலாம். வாக்குச்சீட்டு சிறிய உறையில் வைத்து ஒட்டப்படும். அந்த உறையும், வாக்காளர் கையொப்பமிட்ட உறுதிமொழிப் படிவமும் (13ஏ) பெரிய உறையில் வைக்கப்படும். எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்குப் பிறகு வந்துசேரும் உறைகள் திறக்கப்படுவதில்லை.

சரிபார்ப்பு

முதலில் பெரிய உறை பிரிக்கப்பட்டு, உறுதிமொழிப் படிவம் ஆராயப்படும். படிவம் இல்லாவிட்டாலோ, கையொப்பமோ உரிய அதிகாரியின் சான்றொப்பமோ முறையாக இல்லாவிட்டாலோ, படிவத்திலும் சிறிய உறையிலும் உள்ள வாக்குச்சீட்டு வரிசை எண்கள் வேறுபட்டாலோ, சிறிய உறை திறக்கப்படாமலேயே வாக்கு நிராகரிக்கப்படும்.

சரியாக உள்ள படிவங்கள் அனைத்தும் தனியே கட்டி முத்திரையிடப்பட்ட பிறகே சிறிய உறைகள் பிரிக்கப்படும். யார் யாருக்கு வாக்களித்தார் என்பது வெளிப்படாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. யாருக்கும் வாக்களிக்காத சீட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட வேட்பாளர்களுக்கு வாக்களித்த சீட்டு, வாக்காளரை அடையாளம் காட்டும் குறியுள்ள சீட்டு ஆகியவை செல்லாதவை. அதேநேரம், குறி தெளிவற்று இருந்தாலும் வாக்காளரின் நோக்கம் புலப்பட்டால் அந்த வாக்கு செல்லும்.

மறு ஆய்வு

வெற்றி வித்தியாசம், நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் நிராகரிக்கப்பட்ட அனைத்துத் தபால் வாக்குகளையும் மீண்டும் சரிபார்ப்பது கட்டாயம் எனத் தேர்தல் ஆணையம் அறிவுறுத்தியுள்ளது.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களில் பதிவான வாக்குகளின் எண்ணிக்கை காலை 8.30 மணிக்குத் தொடங்கும். எனினும், தபால் வாக்குகளை எண்ணி முடித்த பின்னரே இயந்திர வாக்குகளின் இறுதிக்கு முந்தைய சுற்றைத் தொடங்க வேண்டும் என 2025 செப்டம்பரில் ஆணையம் உத்தரவிட்டது.