நெடி அடித்தால்தான் மருந்தா?

பாவூர்சத்திரம், சுரண்டை, கடையநல்லூர் பக்கத்துப் பூச்சிமருந்துக் கடைகளில் கார் பருவம் தொடங்கிவிட்டால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். விவசாயி பாட்டிலை வாங்குவார், மூடியைத் திருகுவார், மூக்கருகே கொண்டுபோவார். நெடி சுள்ளென்று ஏறினால் முகத்தில் ஒரு திருப்தி. ஏறாவிட்டால், "என்ன அண்ணாச்சி, நெடியே இல்லியே? டூப்ளிகேட்டா?" என்று கேள்வி வரும். கடைக்காரரும் வேறு வழியில்லாமல், நெடியுள்ள பாட்டிலையே எடுத்து நீட்டுவார்.

அந்த நெடியில் பெரும்பங்கு பூச்சியைக் கொல்லும் மருந்தின் நெடி அல்ல. மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் பெட்ரோலிய எண்ணெயின் நெடி. சில மருந்துகளுக்குச் சொந்த நாற்றம் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நெடியை வைத்து வீரியத்தை எடைபோடுவது, சாம்பாரின் ருசியை அடுப்பு விறகின் புகையை வைத்துச் சொல்வது மாதிரி.

பெட்ரோ ரசாயன ஆவி, காற்று மாசு என்றாலே மணலியும் கடலூர் சிப்காட்டும்தான் நினைவுக்கு வரும். கடலூரில் 2004-ஆம் ஆண்டு ஊர்மக்களே வாளிக்குள் பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். தென்காசி மாவட்டத்தில் அப்படி ஆலைகள் இல்லை. இங்கே இருப்பது மலை, சாரல், நெல், தென்னை, எலுமிச்சை. ஆனால் அதே குடும்பத்துக் கரைப்பான்கள் அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டில்களில் ஊருக்குள் வந்து, வயல் காற்றில் கலக்கின்றன. இதை யாரும் மாசு என்று நினைப்பதில்லை.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

மருந்தின் பெயருக்குப் பின்னால் ஈ.சி. என்று போட்டிருந்தால், அது தண்ணீரில் கலந்தவுடன் பால்போல் வெளுக்கும் மருந்து. தண்ணீரில் கரையாத நஞ்சை எண்ணெய்க் கரைப்பானில் கரைத்து, தண்ணீரோடு சேர்வதற்காகப் பால்மமாக்கியையும் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. என்றால், நஞ்சு 20 சதவீதம். பால்மமாக்கி சில சதவீதம். மீதி முழுவதும் கரைப்பான். ஏக்கருக்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்றைக் கலந்தால், 300 மில்லிக்கு மேல் கரைப்பானையும் சேர்த்தே தெளிக்கிறோம். லேபிளில் இது "இதரப் பொருட்கள்" என்ற இரண்டு சொல்லில் முடிந்துவிடும். சில லேபிள்களில் மட்டும் அரோமேக்ஸ், சி-9, சைலீன் என்று பொடி எழுத்தில் இருக்கும்.

இவையெல்லாம் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுப்பவை. சைலீன் பெயின்ட் தின்னரிலும் இருப்பதுதான். கனமான ரகக் கரைப்பான்களில் நாப்தலீனும் கலந்திருக்கும். பாச்சை உருண்டையின் வாசம் மருந்து பாட்டிலில் வருவதற்கு அதுதான் காரணம். நாப்தலீனையும், வணிகச் சைலீனில் கலந்திருக்கும் எத்தில் பென்சீனையும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயப் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

முக்கோண நிறத்தைப் பார்த்து வாங்குகிற பழக்கம் பலருக்கு வந்திருக்கிறது. நல்ல பழக்கம். ஆனால் 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள்படி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்தப் பிரிவு, வாய்வழியாகவும் தோல்வழியாகவும் போனால் எவ்வளவு நஞ்சு என்பதை வைத்துத்தான் செய்யப்படுகிறது. மூச்சில் போகும் ஆவியின் கணக்கு அதில் இல்லை. நீல முக்கோணம் போட்ட ஈ.சி. மருந்தும், பூட்டிய பம்புசெட் அறைக்குள் வைத்துக் கலக்கினால் தலையைச் சுற்ற வைக்கும்.

உடம்பில் என்ன செய்கிறது?

கரைப்பான் ஆவி முதலில் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அடுத்து தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, போதை ஏறியதுபோல் தள்ளாட்டம். மருந்தடித்துவிட்டு வந்தவர் "வெயில் தாக்கிட்டு" என்று படுத்துக்கொள்வார். மோர் குடித்துத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். சரியாகிவிடுவதுதான் இதில் உள்ள வில்லங்கம். அடுத்த வாரமும் அதே மாதிரி அடிக்கப் போவார். வருடக்கணக்கில் இப்படி மூச்சில் வாங்குகிறவர்களுக்கு ஓயாத தலைவலி, மறதி, கவனக்குறைவு வரும் என்பது பெயின்ட், அச்சுத் தொழிலாளர்களிடம் பார்த்து அறிந்த விஷயம். டொலுவீன், சைலீன் போன்றவை உட்செவியையும் கெடுக்கும். இரைச்சலும் சேர்ந்தால் கேடு கூடும். முதுகில் பவர் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்பவர், இரண்டையும் சேர்த்தே வாங்குகிறார்.

தோல் வழியும் உண்டு. கரைப்பான் தோலிலுள்ள எண்ணெய்ப் பசையைக் கரைத்துவிடுவதால், கூடவே நஞ்சும் எளிதாக உள்ளே போகிறது. கை வெடிப்பு, வெள்ளை பூத்த விரல்கள், இவை வெறும் சேற்றுப்புண் அல்ல.

சைலீன் ஆவிக்குத் தொழிற்கூடங்களில் வைத்திருக்கும் வரம்பு, 8 மணி நேர சராசரியாக, பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு. மனித மூக்கோ ஏறத்தாழ ஒரு பங்கிலேயே அதைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே லேசாக நெடி வந்தாலே ஆபத்து என்று பதற வேண்டியதில்லை. எதிர்ப்பக்கம்தான் கவனிக்க வேண்டியது: கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். நெடி போய்விட்டது என்று தோன்றும்போது ஆவி போயிருக்காது. இந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. தரையோடு, பள்ளத்தோடு, கட்டிலுக்கு அடியோடு தங்கும். மருந்து பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தரையில் பாய் போட்டுப் படுக்க வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில், ஆள் உயரப் பருத்திக்குள் நின்று மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அதே ஆண்டு நம் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குக் கரைப்பானைக் குற்றம் சொல்ல முடியாது, நஞ்சுதான் கொன்றது. ஆனால் அந்த நஞ்சுகளில் பல, ஈ.சி. வடிவில் இருந்தவை.

ஆடிக் காற்றும் அடுத்த வயலும்

தென்காசியின் காற்று தனி ரகம். தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாயும் காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் காற்றாலைகளே நிற்கின்றன. குற்றாலத்தில் சாரல் விழும் அதே ஆனி, ஆடி, ஆவணியில்தான் கார் நெல்லுக்கு மருந்தடிப்பும் நடக்கிறது. தெளித்த துளியில் எவ்வளவு பயிரில் உட்காருகிறது, எவ்வளவு கிழக்கே போகிறது என்பது காற்றின் கையில். கிழக்கே அடுத்த வயலில் களை பறிக்கும் பெண்களில் கர்ப்பிணியும் இருக்கலாம். அவர்களுக்கு முகமூடியும் கிடையாது, என்ன மருந்து என்ற தகவலும் கிடையாது.

காற்றின் வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். இலை லேசாக அசைந்து, முகத்தில் காற்று தெரிந்தால் அடிக்கலாம். சிறு கிளைகள் ஓயாமல் ஆடினால் நிறுத்திவிட வேண்டும். புழுதி எழும்பினால் ஸ்பிரேயரையே வெளியே எடுக்க வேண்டாம். சுத்தமாகக் காற்றே இல்லாத, பனிமூட்டம் படிந்த விடியலும் நல்லதல்ல. ஆவி மேலே போகாமல் வயலோடு படுத்துக் கிடக்கும். காலையில் மூட்டம் கலைந்து, காற்று வேகம் பிடிப்பதற்கு முன் கிடைக்கும் ஓரிரு மணி நேரம்தான் ஆடி மாதத்தில் வேலைக்கு ஆகும். ஆள் கிடைக்கும் நேரத்தில்தானே அடிக்க முடியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் காற்றில் பறந்த மருந்துக்கும் சேர்த்துத்தான் கூலி போகிறது.

துளி பறப்பது கண்ணுக்குத் தெரியும். கரைப்பான் ஆவியாவது தெரியாது. தெளித்து முடித்த பிறகும், இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் அது மணிக்கணக்கில் மேலே போய்க்கொண்டிருக்கும். வெயிலில் இந்த ஆவி, வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து தரைமட்ட ஓசோன் உண்டாகிறது. வானத்தின் மேலே இருக்கும் ஓசோன் நமக்குக் குடை. கீழே இருப்பது பயிருக்கும் நுரையீரலுக்கும் நஞ்சு. இலைத்துளை வழியாக உள்ளே போய் நெல், கோதுமை, பயறு வகைகளின் விளைச்சலைக் குறைக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பழத்தோட்டங்கள் நிறைந்த சான் வாக்கின் பள்ளத்தாக்கில், 2013 முதல் மே தொடங்கி அக்டோபர் வரை, குறிப்பிட்ட பயிர்களில் அபாமெக்டின், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட நான்கு மருந்துகளின் அதிக ஆவி கக்கும் வடிவங்களுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். நஞ்சுக்காக அல்ல, கரைப்பான் ஆவிக்காக.

பயிருக்கு நேரடிக் கேடும் உண்டு. கரைப்பான் இலையின் மெழுகுப் பூச்சைக் கரைக்கும். உச்சி வெயிலில் அளவு கூட்டி அடித்தால் வெள்ளரி, பாகல் கொழுந்து கருகும். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைப் பிஞ்சின் தோலில் வடு விழுந்து, சந்தையில் விலை இறங்கும். நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து அடிப்பது அடுத்த செலவு. தண்ணீரில் இது செய்யும் வேலைக்கு ஒரு பழைய சாட்சி போதும்: அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பாசனக் கால்வாய்களில் நீர்க்களையை அழிக்க ஒரு காலத்தில் சைலீனையே ஊற்றினார்கள். களையோடு மீனும் செத்தது. டேங்க் கழுவிய தண்ணீரைச் சிற்றாற்றுக் காலிலோ அனுமன் நதி வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும். கழுவிய தண்ணீரைத் தெளித்த வயலிலேயே மீண்டும் தெளித்துவிடலாம்.

மாற்று இருக்கிறதா?

இருக்கிறது, கடையிலேயே இருக்கிறது. எஸ்.சி., சி.எஸ்., டபிள்யூ.ஜி. என்று முடியும் வடிவங்களில் கரைப்பான் மிகக் குறைவு, அல்லது இல்லை. நெல் இலையுறைக் கருகலுக்கு அடிக்கும் ஹெக்சகோனசோல் 5 ஈ.சி.யாகவும் கிடைக்கிறது, 5 எஸ்.சி.யாகவும் கிடைக்கிறது. லாம்ப்டா சைஹலோத்ரின் 5 ஈ.சி.க்குப் பக்கத்திலேயே 4.9 சி.எஸ். உண்டு. நஞ்சு அதேதான், அதன் எச்சரிக்கைகளும் அப்படியே பொருந்தும். மூக்கில் ஏறும் எண்ணெய்தான் குறைகிறது. இந்த வகைகள் அடியில் படியும். நெடியும் இல்லை, அடியில் வண்டலும் இருக்கிறது என்று போலி முத்திரை குத்திவிடுகிறார்கள். நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். போலி என்று சந்தேகம் வந்தால் மோந்து பார்ப்பதில் பயன் இல்லை. பில் கேட்டு வாங்கி, தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் சொன்னால், மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வழி இருக்கிறது.

வேம்பு என்றாலும் பாட்டிலில் ஈ.சி. என்று இருந்தால், உள்ளே கரைப்பான் இருக்க வாய்ப்பு உண்டு. 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து 100 லிட்டராக்கும் கரைசலில் அந்தக் கவலை இல்லை.

வேகம் பிடிக்கட்டும் என்று டேங்கில் மண்ணெண்ணெய், தின்னர் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பூச்சி அதனால் கூடுதலாகச் சாகாது. இலை கருகும், அடிப்பவர் தலை சுற்றும்.

முகமூடி பற்றி ஒரு திருத்தம். கரோனாவுக்குப் பிறகு என்-95 எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது தூசியையும் துளியையும் தடுக்கும்; ஆவியைத் தடுக்காது. முகத்தில் கட்டிய துண்டு எதையும் தடுக்காது; நனைந்துவிட்டால் மருந்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்து வைக்கும். ஆவிக்கு, கரித்தூள் குப்பி வைத்த சுவாசக் கவசம்தான் வேண்டும். உள்ளே நெடி தெரிய ஆரம்பித்தால் குப்பியை மாற்ற வேண்டும். கைக்கு, தடிமனான நைட்ரைல் உறை. மெல்லிய ரப்பர் உறையைக் கரைப்பான் ஊற வைத்துவிடும். எல்லாவற்றிலும் ஆபத்தான நேரம் தெளிக்கும் நேரம் அல்ல, மூடியைத் திறந்து அளந்து ஊற்றும் அந்த ஐந்து நிமிடம். அதைத் திறந்த வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று செய்ய வேண்டும். பீடி பற்றவைக்கக் கூடாது, கரைப்பான் எரியக்கூடியது.

மருந்தோ, மண்ணெண்ணெயோ, குழாயில் வாய் வைத்து உறிஞ்சும்போது டீசலோ வயிற்றுக்குள் போய்விட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது ஊர் வழக்கம். பெட்ரோலியக் கரைப்பானில் அதைச் செய்யவே கூடாது. வாந்தியில் மேலே வரும் எண்ணெய் சில சொட்டு நுரையீரலுக்குள் இறங்கினாலே கடுமையான நிமோனியா ஆகிவிடும். பால், நெய், எண்ணெயும் கொடுக்க வேண்டாம். ஆவி ஏறி மயங்கியவரைக் காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கி வந்து, துணியைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐ அழைக்க வேண்டும். எச்சில் ஒழுகுவதும், கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குவதும் பாஸ்பரஸ் வகை நஞ்சின் அறிகுறி. இருமலும் மூச்சுத் திணறலும் கரைப்பான் நுரையீரலுக்குள் போனதைக் காட்டலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அதனால் ஆளோடு பாட்டிலும் லேபிளும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.