மேடை இசையும் ஒலிபெருக்கியும்

நாதசுரமும் தவிலும் திறந்த வீதிக்கென அமைந்தவை; யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) அவர்களின் தவிலொலியை மூத்தோர் நன்கறிவர். கல்லூரி மேடையில் இசைக்கும் வாய்ப்பாட்டும் வயலினுமோ ஒலிவாங்கியின் துணையை வேண்டுவன.

ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கியுட் புகுந்து, சுழன்று பெருகுதலே அரங்கில் வீறிட்டெழும் ஓசைக்குக் காரணம். ஆதலின் ஒலிபெருக்கிகளை ஒலிவாங்கிகளுக்கு முன்னே, அவையை நோக்கி நிறுத்துதல் வேண்டும். திறந்த வெளியிலே தூரம் 2 மடங்காயின் ஒலிச்செறிவு 4இல் 1 பங்காகக் குறையும். எனவே பாடுவோர் முதலில் ஒலிவாங்கியை அணுகுக. ஒலியைக் கூட்டுதல் பின்னரே.

அவை கூடுமுன் சுருதி சேர்த்து ஒருமுறை இசைத்துப் பார்த்தலும், மாற்றுத் தந்தி, சீவாளி முதலியன உடன்கொண்டு செல்லுதலும் நற்பழக்கங்கள். ஒருவர் தம் கருவியை மட்டும் பெருக்குவித்தால், ஏனையோர் ஒருவரையொருவர் கேளாது தாளந் தவறுவர். மாணவர்காள், பிறர் இசைக்குச் செவிகொடுத்தலே குழுவிசையின் முதற்பாடம்.