"எந்த டாக்டர் நல்லவர், சாமி?"

உத்திரமேரூர்ப் பக்கத்துத் தாய் ஒருவர், மகனின் எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நல்ல மருத்துவர் யாரென நம்மிடம் வினவினார். நாம் எவர் பெயரையும் கூறவில்லை. 2024 ஏப்ரலில் நிகழ்ந்ததை நினைவூட்டினோம்.

சென்னையை அடுத்த பம்மலில், ஏறத்தாழ 150 கிலோ எடையுள்ள இளைஞர் ஒருவர் இச்சிகிச்சைக்குச் சென்றார், உயிர் பிழைக்கவில்லை. அவசர நிலையைச் சமாளிக்கப் போதிய வசதி அங்கில்லை என அரசு விசாரணையில் கண்டனர். ஆகவே, மருத்துவரின் கைராசி மட்டும் போதாது.

இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கி, எஞ்சியதைக் குழாய்போல் தைப்பதே இன்று பெருவழக்கு. தையல் கசிந்தாலும், இரத்தக் கட்டி நுரையீரலை அடைத்தாலும் உயிருக்கு ஆபத்து. கை பழகப் பல அறுவைகள் வேண்டும். எனவே கூசாது கேளுங்கள்: "இதே சிகிச்சையை எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? எத்தனை பேருக்குக் கசிந்தது? அப்போது என்ன செய்தீர்கள்? தீவிர சிகிச்சைப் பிரிவு இங்கேயே உள்ளதா? இரவில் யார் இருப்பார்?" மருத்துவர்முன் கைகட்டி நின்றே பழகிய மக்கள் நாம்! இவ்வினாக்களுக்குச் சினங்கொள்பவரிடமிருந்து விலகுவதே நலம்.

வாழ்நாள் முழுதும் வைட்டமின் மாத்திரையும் பரிசோதனையும் தேவைப்படுமாதலால், பேருந்துச் செலவையும் கணக்கிடச் சொன்னோம். அடுத்த முறை மகனையும் அழைத்துவருவதாகக் கூறிச் சென்றார் அம்மையார்.